தொங்கு பாய்

தமிழில் 'பாய்' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. விரித்துப் படுப்பதும் பாய். காற்றை வாங்கி மரக்கலத்தைச் செலுத்துவதும் பாய். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் 'வாங்க பாய்' என்று நம்மை அழைக்கும்போது அது வடக்கிலிருந்து வந்த உடன்பிறப்பு முறை. இம்மூன்றோடு நான்காவதாக ஒரு பாயையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இரண்டு மரங்களுக்கு நடுவே தரையைத் தொடாமல் தொங்கும் படுக்கையை ஒல்லாந்தர் 'ஹாங்மாட்' என்பர். முன்பாதிக்குத் தொங்குதல் என்றும் பின்பாதிக்குப் பாய் என்றும் அவர்கள் மொழியில் பொருள். உண்மையில் அச்சொல் அவர்களுடையது அன்று. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் வழங்கிய 'ஹமாக்கா' என்பதே அதன் மூலம். 1492இல் அத்தீவுகளை அடைந்த கொலம்பசின் கூட்டத்தார் அங்கே பருத்தி வலைப் படுக்கைகளைக் கண்டனர். பிற்காலத்தில் அது ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமியின் படுக்கையாயிற்று. பொருள் விளங்காத அயற்சொல்லைத் தம் காதுக்கு இசைவாகத் திரித்து, அதற்குப் புதுப்பொருளும் கொடுத்துவிட்டனர் ஒல்லாந்தர். அந்த ஒல்லாந்தரே 1613இல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை எழுப்பியவர்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் அவ்வூரில் காணலாம்.

சொற்கள் ஒருவழிப் பயணம் செய்வதில்லை. பழவேற்காட்டிலிருந்து கீழைக்கடல் தாண்டிச் சென்ற கட்டம்போட்ட துணிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிகாட்' என்று பெயர். ஊரின் பெயரே கைலியின் பெயராகிவிட்டது. இந்த ஒரு செய்திக்காகவே அவ்வூருக்கு ஒருமுறை போய்வரலாம் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

நம்மவர்க்குத் தொங்கும் படுக்கை புதிதா? இல்லை. தூளி என்றும் ஏணை என்றும் நாம் வழங்குவது அதுவே. தாயின் பழஞ்சேலை, வீட்டின் விட்டம், ஒரு முடிச்சு: இம்மூன்றில் உறங்காத தமிழ்க் குழந்தை அரிது, அதைவிட்டு இறங்கிய பின் மீண்டும் அதில் ஏறி உறங்கும் தமிழர் அதனினும் அரிது. பெரியவர்களுக்கு நாம் ஊசலைக் கொடுத்தோம்; அதற்கு வரிப்பாடலும் கொடுத்தோம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் ஊசல்வரி உண்டு. ஆயினும் ஊசல் ஆடுவதற்கு, உறங்குவதற்கு அன்று.

இனி, நான் எதற்காக வலை பின்னப் போனேன் என்பதைச் சொல்லவேண்டும். மீனவர் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் களப்பணிக்கு நம் மாணவர் ஒன்பதின்மரைப் பசியாவரத்திற்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தேன். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்து இரண்டாவது பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் நீரால் சூழப்பட்ட மீனவச் சிற்றூர்களுள் ஒன்று பசியாவரம். தலைமுறை தலைமுறையாகப் படகே அவ்வூரின் பாதையாக இருந்தது. பகலில் போய் மாலையில் திரும்பினால் சொற்கள் கிடைக்கமாட்டா. பகலில் ஆடவர் நீரில் இருப்பர். இல்லையேல் இரவுத் தொழில் முடித்து உறங்கிக்கொண்டிருப்பர். வலையைத் தூக்கும்போதும் உதறும்போதும் பங்கு பிரிக்கும்போதும் வாயில் வருபவையே சொற்கள். 'உங்கள் தொழிற்சொற்களைக் கூறுங்கள்' என்று தாளும் எழுதுகோலுமாக உட்கார்ந்து கேட்டால் அவர்கள் நமக்காகச் செய்தித்தாள் தமிழ் பேசுவார்கள். ஆகவே அங்கே இரவு தங்கவேண்டும்.

தங்குவது எங்கே? சிறிய வீடுகள்; அவர்களே நெருக்கிப் படுப்பவர்கள். வெளியில் படுத்தால் தரை ஈரம். நீர் ஏறும் நாளில் கரைமணல் ஊறிக்கிடக்கும், நண்டு ஊரும், வேறு சிலவும் ஊரும். கடையில் விற்கும் கூடாரமோ ஒன்றே பல ஆயிரம் ரூபாய். நம் மாணவர் பலர் பேருந்துக் கட்டணத்தையே எண்ணிப் பார்ப்பவர்கள். கயிற்றில் தொங்கவிடும் படுக்கையே தக்கது என்று முடிவு செய்து, பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கத் தொடங்கினேன். ஒரு மாணவனின் தாயார் மட்டும் கையெழுத்திடவில்லை. "தரையில படுத்தா விழமாட்டான் சார். நீங்க தொங்கவிடறேன்னு சொல்றீங்க. கயிறு யார் போட்டது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கடைக்காரர் போட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானே செய்து, நானே படுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தாளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். 2018 சனவரியில் தனியனாய்ப் படகேறியது இதற்காகத்தான்.

பசியாவரத்தில் எனக்கு முன்பே பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர், கண் மங்கிவிட்டது, ஆனால் அவர் வலை பின்னும்போது கண்ணுக்கு வேலையில்லை. அவர் வீட்டு ஓரத்தில் பழைய வலைகள் குவியலாய்க் கிடந்தன. அவற்றில் ஒன்றை இரண்டாய் மடித்துக் கட்டினால் செலவே இராதே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "வாத்தியாரே, மீன் துள்ளினா வல தாங்கும். மனுசன் பொரண்டா தாங்குமா? இது வெயில் தின்ன வல" என்றார். வெயில் தின்ற வலை! அன்று நான் தொகுத்த முதற்சொல் அதுதான்.

அவர் சொன்னதன் பொருளைப் பின்னர் விளக்கமாகப் புரிந்துகொண்டேன். முற்காலத்து வலைகள் பருத்தி நூலாலும் சணல் நாராலும் ஆனவை. நாள்தோறும் உலர்த்தாவிட்டால் மக்கிவிடும். மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து அவற்றைக் காத்தனர். 1938இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட நைலான் பின்னர் நம் கரைக்கு வந்தபோது மக்கும் அச்சம் நீங்கியது. ஆனால் பருத்திக்கு ஈரம் பகை என்றால் நைலானுக்கு வெயில் பகை. கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் அதன் இழைகளைச் சிறிது சிறிதாக முறிக்கின்றன. கண்ணுக்கு வலை முழுதாகவே தெரியும், நிறம் மட்டும் வெளுத்திருக்கும், தொட்டால் சொரசொரக்கும், இழுத்தால் சட்டென அறும். ஏமாற்றும் முழுமை அது.

இருப்பினும் பெரியவரின் சொல்லைச் சோதித்துப் பார்த்தோம். பழைய வலையை இரண்டாய் மடித்து, தரைக்கு ஓரடி உயரத்தில் கட்டி, ஒரு சாக்கில் மணலை நிரப்பி மெல்ல வைத்தோம். தாங்கியது. இரண்டாம் சாக்கை வைத்ததும் ஒரு கண் அறுந்தது; அது அறுந்த ஓசை அடங்குமுன் அடுத்த கண்; பிறகு வரிசையாகத் தாள் கிழிவதுபோல் நெடுகக் கிழிந்து மணல் கொட்டியது. ஒரு கண் அறுந்தால் அதன் பளுவை அண்டைக் கண்கள் ஏற்கின்றன. அவையும் வெயில் தின்றவை என்றால் வேறென்ன நிகழும்? சுற்றி நின்ற சிறுவர்கள் கைதட்டினார்கள். நான் அந்தத் தாயாரை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே புதுநூல். காசிமேட்டு வலைக்கடையில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள முறுக்கு நைலான் நூலும், விரற்கனக் கயிறும், துத்தநாகம் பூசிய இரும்பு வளையம் இரண்டும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து 450 ரூபாய்க்குள் அடங்கியது. வலையூசியைப் பெரியவரே இரவல் தந்தார். மூங்கிலில் செதுக்கியது, கைபட்டுக் கைபட்டுத் தந்தம்போல் வழுவழுப்பானது. கண்ணின் அளவு மாறாதிருக்க இரண்டு விரல் அகலச் சில்லு ஒன்று. நூல் சில்லைச் சுற்றி வந்து, மேற்கண்ணுக்குள் நுழைந்து, தன்னையே வளைத்துக்கொண்டு இறுகும். இதுதான் வலை முடிச்சு. உலகெங்கும் வலைக்கு இம்முடிச்சே. நைலான் வழுக்கும் இயல்புடையது ஆதலின் ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகப் போடவேண்டும் என்றார். பக்கம் 5 சென்டிமீட்டர் கொண்ட கண்கள், அகலத்தில் 24, நீளத்தில் 50 வரிசை. 1,200 முடிச்சுகள்! பெரியவருக்கு அது ஒரு பிற்பகல் வேலை. எனக்கு நான்கு நாள் ஆயிற்று. சுட்டுவிரலின் உட்புறம் நூல் அறுத்த கோடு ஒரு மாதம் இருந்தது. ஒரு செய்யுளை அலகிட்டு வாய்பாடு சொல்லும் மாணவனைப்போல் முதல் நூறு முடிச்சுகளை வாய்விட்டு எண்ணிப் போட்டேன். பிறகு எண்ண மறந்தபோதுதான் கை சரியாக ஓடத் தொடங்கியது.

இரு முனைக் கண்களையும் தனித்தனி நூல்களால் வளையத்தில் சேர்த்ததும் படுக்கை முடிந்தது. ஆனால் படுக்கையைவிட அதைக் கட்டும் முறையே முதன்மையானது. இதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரையால் பயனில்லை. தொங்கு படுக்கை தொய்வாக இருந்தால் முதுகு வளையும், இழுத்துக் கட்டினால் நேராக இருக்கும் என்றே யாரும் எண்ணுவர். கணக்கு வேறாகச் சொல்கிறது. கயிற்றின் நடுவில் நீர்க்குடத்தைத் தொங்கவிட்டு, இருவர் இரு முனையையும் பிடித்துக்கொள்ளட்டும். அருகருகே நின்றால் ஆளுக்குப் பாதிப் பளு. விலகி விலகிப் போய்க் கயிற்றை நேராக்க முயன்றால் கை இற்றுவிடும். குடமோ அதே குடம். அதுபோல் 60 கிலோ எடையுள்ளவர் படுத்தால், கயிறு கிடைமட்டத்திற்கு 30 பாகை சரிந்திருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ இழுவிசை. 10 பாகைதான் சரிவு என்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 173 கிலோ! ஆள் ஒருவரே; இழுப்போ மும்மடங்கு. பாகைமானி இல்லாத இடத்தில் சாண் கணக்கே போதும்: ஏழு சாண் தள்ளிப்போனால் நான்கு சாண் இறக்கம். அதுவே 30 பாகைக்கு மிக அண்மையது. தொய்வாகக் கட்டிய வலையில் நீளவாக்கில் படுக்காமல் மூலைவாட்டமாகப் படுத்தால் முதுகு தானே நேராகிவிடும்.

எதில் கட்டுவது என்பது அடுத்த கேள்வி. வீட்டுக்காரர் ஒருவர் அன்போடு தம் புதுத் திண்ணையின் செங்கல் தூண்களைக் காட்டினார், அழகாகப் பூசியவை. நான் மறுத்ததும் அவர் முகம் சுருங்கிற்று. செங்கல் தூண் தலைமேல் பாரத்தைத் தாங்கப் பிறந்தது. பக்கவாட்டு இழுப்பைத் தாங்கப் பிறந்ததன்று. பெயர்ந்தால் படுத்திருப்பவன் மேலேயே விழும். பட்ட மரமும் ஆகாது. வேர் பிடித்த, ஒருவர் தொடைப் பருமனாவது உள்ள உயிர்மரம் இரண்டு வேண்டும். பதினான்கு அடி இடைவெளியில் சவுக்கு ஒன்றும் பூவரசு ஒன்றும் கிடைத்தன. மரப்பட்டை அறுபடாமல் கோணிச் சாக்கை வைத்து, ஆள் உயரத்திற்குச் சற்று மேலே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு அரைமுடிச்சுப் போட்டோம். படுக்கையின் அடிவயிறு முழங்கால் உயரத்திற்கு மேற்படக்கூடாது என்பது நானே வகுத்துக்கொண்ட விதி. விழுந்தாலும் எலும்பு பிழைக்கும். கீழே நங்கூரம், கல், கிளிஞ்சல் எதுவும் கிடக்கலாகாது.

முதலில் மணற்சாக்குகள். ஒரு சாக்கு, இரண்டு, மூன்று. என் எடைக்கு இருமடங்கு ஏற்றியும் கண் ஒன்றும் அறவில்லை. ஆனால் வலை ஒரு சாண் தாழ்ந்தது. நைலான் நீளும், ஈரம்பட்டால் இன்னும் நீளும். முடிச்சுகளும் அப்போதுதான் இறுகுகின்றன. புதிதாய்ப் பின்னியதில் உடனே ஆளைப் படுக்கவைக்காமல் ஓர் இரவு மணலைப் படுக்கவைத்தது எவ்வளவு நல்லதாயிற்று! மறுநாள் கயிற்றை உயர்த்திக் கட்டிக்கொண்டேன்.

மாலை மங்கியதும் நான் ஏறினேன். ஏறுவது என்று சொல்வதைவிட உட்கார்ந்து சரிவது என்பதே பொருந்தும். நடுவில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கால்களை மேலே எடுக்கவேண்டும். காலை முதலில் வைப்பவரை வலை கவிழ்த்துவிடும். ஊர்ப் பெண்கள் வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார்கள். "வாத்தியாரு வலையில மாட்டிக்கினாரு" என்று ஒரு சிறுவன் அறிவித்தான். மறுப்பதற்கில்லை.

இரவின் முற்பகுதி இன்பமாகவே இருந்தது. முதுகின்கீழ் காற்று, ஏரியின்மேல் பறவைகளின் குரல், தொலைவில் இயந்திரப் படகொன்று போகும் ஓசை. கொசுவுக்காக மேலே ஒரு கயிறு கட்டி வலைத்துணியைத் தொங்கவிட்டிருந்தேன். அது அடிப்புறம் வரை மூடவேண்டும் என்பதைக் கொசுக்களே கற்பித்தன. நள்ளிரவுக்குப் பின் வாடை வீசத் தொடங்கியதும் குளிர் தெரிந்தது. தரையில் படுத்தால் மேலிருந்து குளிரும். இதில் கீழிருந்து குளிர்கிறது. போர்வை உடலின் அடியில் நசுங்கிக் கிடப்பதால் அது காற்றைத் தடுப்பதில்லை. மறுநாள் இரவு ஒரு பழைய கைலியைப் பிரித்து வலைக்கு வெளியே அடிப்புறமாகக் கட்டி, இடையில் செய்தித்தாள்களை விரித்தேன். குளிர் நின்றது. பழவேற்காட்டின் பெயர் தாங்கிக் கடல்கடந்த துணி பழவேற்காட்டு வாடைக்கும் உதவியது. கைலி வலைக்குமேல் விரிக்கவும் ஒன்று வேண்டும்; இல்லையேல் காலையில் முதுகு முழுவதும் சதுரம் சதுரமாய்க் கண் பதிந்திருக்கும்.

உறங்காது கிடந்த அந்த நேரம்தான் எனக்குப் பெருங்கொடையாயிற்று. விடியுமுன் கரையேறியவர்கள் மரத்தடியில் ஒருவன் விழித்துக் கிடக்கிறான் என்று அறியாமல் பேசிக்கொண்டார்கள். அப்பேச்சில் 'பாடு' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. இந்த ஏரியில் கழிநட்டு வலைகட்டும் இடங்களில் இன்ன நாளில் இன்னாருக்கு உரிமை என்று முறைவைத்து நடக்கும் பழைய ஏற்பாட்டின் பெயர் அது. யாருடைய பாடு, எந்தப் பாடு, பாடு தப்பியது என்று அவர்கள் பேசக் கேட்டபோது, துன்பத்தையும் உழைப்பையும் முறையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழின் சிக்கனம் எனக்கு அகராதியைவிடத் தெளிவாக விளங்கிற்று. பேசியவர்களிடம் காலையில் அதைச் சொல்லி, எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். பங்குக் கணக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதுங்கள் என்றார்கள்.

ஊர் திரும்பியதும் அந்தத் தாயாரிடம் போனேன். வலையின் ஒரு துண்டையும் விரலின் கோட்டையும் காட்டினேன். அவர் துண்டை இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். பல் வைத்துங்கூடப் பார்த்தார். பிறகு, தம் மகன் படுப்பதை அவனே பின்னட்டும் என்றார். அதுவே எல்லோருக்கும் விதியாயிற்று. ஓராண்டு மாலை வேளைகளில் துறைத் தாழ்வாரத்தில் ஒன்பது வலைகள் வளர்ந்தன. 2019 சனவரியில் அவை பசியாவரத்தில் தொங்கின. ஒவ்வொரு மரத்தையும் நான் தோள்கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். ஒவ்வொரு முடிச்சையும் பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு வலையில் பதினோராம் வரிசையில் ஒற்றை முடிச்சுகள் இருப்பதை அவர் விரல் கண்டுபிடித்தது. அவ்வலைக்கு உரியவன் அன்றிரவு பாயில் படுத்தான். இருவருக்குத் தலைசுற்றியது, அவர்களும் இறங்கிவிட்டனர். மற்ற அறுவரும் மூன்று இரவுகள் உறங்கினர். பகலில் வலைகளைச் சுருட்டி நிழலில் வைத்தோம். ஊர்ச் சிறுவர்கள் அவற்றைச் சுழற்றி ஆடாமல் பார்த்துக்கொள்ள ஒருவன் எப்போதும் காவல். சேலைத்தூளியில் சுழன்று கழுத்து இறுகிய சிறார்களைப்பற்றி நாளிதழ்களில் படித்திருக்கிறோம். வலையும் அதற்கு விலக்கன்று.

என் வலையை மூன்றாண்டுகளுக்குப் பின் ஒருநாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் மஞ்சள் பாய்ந்திருந்தது. நகத்தால் நெருடினால் தூள் உதிர்ந்தது. நம்பமுடியாத வலையை முழுதாக விட்டுவைக்கலாகாது, வேறொருவன் எடுத்துக் கட்டிவிடுவான், ஏரியிலும் எறியலாகாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். கத்தரிக்கோலை எடுத்துச் சாண் சாணாக வெட்டினேன். பின்ன நான்கு நாள் ஆனதை வெட்ட அரைமணி ஆயிற்று. இரும்பு வளையங்கள் இரண்டும் துருவேறாமல் இருந்தன. அவற்றை எண்ணெய் பூசி எடுத்துவைத்திருக்கிறேன். புதுநூல் வாங்கியாயிற்று, இப்போது பதினேழாம் வரிசை நடக்கிறது.